நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு

“உங்க கம்பெனி தேறாது சார்!” என்று கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினார் வங்கியின் கடன் அதிகாரி.

குடைக்கம்பெனி முதலாளி கெஞ்சினார். “மழைக்காலம் வருது சார். இப்ப துணி வாங்கலேன்னா இருபது பேருக்கு வேலை போயிடும்.”

பக்கத்தில் அவருடைய மச்சான் உட்கார்ந்திருந்தார்.

“அழுதா விகிதம் மாறுமா? மொத்தக் கடனை மொத்தச் சொத்தால வகுத்தா, உங்களுக்கு நூத்துக்கு அறுபத்தஞ்சு கடன். ஐம்பதைத் தாண்டினா நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

அதிகாரிக்கு அந்த விகிதம்தான் உயிர். மாமனாரின் கடனைக்கூடச் சொத்தால் வகுத்துப் பார்த்த பிறகுதான் கல்யாணத்துக்கே தலையாட்டியவர்.

முதலாளி பையிலிருந்து, பழுப்புத்தாளில் அட்டை போட்ட ஒரு புத்தகத்தை எடுத்தார். “என் கதை போகட்டும். இது வேற ஒரு கம்பெனியோட வருஷக் கணக்கு. என் மச்சான் சேமிப்பு மொத்தத்தையும் இங்கதான் போட்டு வச்சிருக்கான். இதையாவது பார்த்துச் சொல்லுங்க.”

இலவச ஆலோசனை என்றால் அதிகாரிக்குக் கொள்ளை ஆசை. மொத்தச் சொத்து, மொத்தக் கடன் என்ற இரண்டு வரிகளைத் தவிர வேறெதையும் படிக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. விறுவிறுவென்று தட்டினார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் தட்டினார்.

“ஐயையோ! நூத்துக்குத் தொண்ணூத்திரண்டு!”

“அவ்வளவு மோசமா சார்?” மச்சான் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

“கழுத்து வரைக்கும் கடன் தம்பி! அடுத்தவன் காசுல உல்லாசமா உக்காந்திருக்கானுங்க. இதுக்கு உங்க மாமா கம்பெனி எவ்வளவோ மேல். பேசாம பணத்தை எடுத்து அங்க போடுங்க!”

“கேட்டுச்சா மச்சான்? ஒரு மாசமா நானும் இதைத்தானே சொல்றேன்!” என்றார் முதலாளி.

“நல்ல வேளை, காப்பாத்தினீங்க சார்!” என்று அதிகாரியின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, மச்சான் எழுந்து ஓடினார்.

அதிகாரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “எந்தத் திவால் கம்பெனி சார் இது?” என்று கேட்டுக்கொண்டே பழுப்புத்தாளைப் பிரித்தார்.

உள்ளே அவருடைய வங்கியின் பெயரே பளபளத்தது. ஊரார் போட்ட டெபாசிட் அத்தனையும் வங்கிக்குக் கடன்தான் என்பது அவருக்கு உறைப்பதற்குள், மூன்றாவது கவுண்டரில் “மொத்தத்தையும் எடுத்துக் குடுங்க, இந்த பேங்க் தேறாதுன்னு உங்க ஆபீசரே சொல்லிட்டார்!” என்று மச்சான் கத்த, அவருக்குப் பின்னால் வரிசை வாசல்வரை நீண்டுவிட்டது.