சரி என்று ஆடும் தலை

கண்ணாடிக்கு அப்பால் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் குழாய்க்குள் பெரியவர் ஒருவர் படுத்திருக்கிறார். வெளியே வெளிறிய பாதங்கள் இரண்டு மட்டும் தெரிகின்றன. இப்புறம் டெக்னீஷியன் மைக்கை அழுத்தி, "ஐயா, தலையை அசைக்காதீங்க" என்கிறான். உள்ளிருந்து "சரிப்பா" என்று குரல் வருகிறது. கூடவே தலையும் ஆடுகிறது. திரையில் மூளை, தண்ணீர் பட்ட மைபோல் கலங்கிவிடுகிறது. இது மூன்றாவது தடவை. "தலையாட்டாம சரின்னு சொல்லத் தெரியாதா, ஐயா?" என்று பல்லைக் கடித்தபடி கேட்கிறான். "தெரியும்பா." மறுபடி ஆடுகிறது. அவருடைய மூக்குக்கண்ணாடியையும் பல்செட்டையும் கைக்குட்டையில் முடிந்து வைத்திருக்கும் மனைவி பின்னாலிருந்து வெடிக்கிறாள்: "முப்பது வருஷமா நான் சொன்ன எதுக்காவது இந்தத் தலை ஆடியிருக்கா? இங்க பாரு, என்ன மரியாதை!" ஒரு மாதமாக அவருக்கு வலது கை மரத்துப்போகிறது, பேச்சு பாதியில் நின்றுபோகிறது. படம் தெளிவாக வராமல் எந்த மருந்தும் தொடங்க முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். டெக்னீஷியன் பெருமூச்சு விட்டு, இம்முறை மைக்கைத் தொடாமல் ஸ்கேனை மட்டும் ஓடவிடுகிறான். யாரும் எதுவும் சொல்லாததால் தலை போட்டது போட்டபடி கிடக்கிறது. தகரத்தைச் சுத்தியலால் அடிப்பதுபோல் இயந்திரம் ஐந்து நிமிடம் தட்டித் தீர்க்கிறது. திரையில் மூளை அடுக்கடுக்காகத் துலங்குகிறது. இடப்பக்கம் கோலிக்குண்டு அளவில் ஒரு வெள்ளை வட்டம். "இப்பவாவது நல்லா வந்திருக்காப்பா?" என்கிறாள். "நல்லா வந்திருக்கும்மா." அவன் திரும்பிப் பார்க்கவில்லை. "அப்பாடா, தொல்லை விட்டுது" என்று அவள் நாற்காலியில் சாய்கிறாள்.