சொல்லுக்குச் சொல்

“அவன் சரியான சோம்பேறி, தம்பி,” என்றார் அரியரத்தினம், தன் மகனைப் பற்றி. “விட்டால் மத்தியானம் வரைக்கும் படுப்பான்.”

நான் அதைப் பிரெஞ்சில் றெஜானுக்குச் சொன்னேன்.

றெஜான் தலையை ஆட்டினார். எங்கள் ஃபுட்போல் அணிக்கு ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடிப்பது அவர் வேலை. அவர் பார்ப்பதற்கு ஆட்டங்களின் வீடியோவை வெட்டிக் கொடுப்பது என் வேலை. இருட்டறை. யாரோடும் கதைக்கத் தேவையில்லை.

அடுத்த கிழமை தெரிவு. பல்கலைக்கழகத்தில் ஆடி முடித்தவர்களை நாட்டின் தொழில்முறை அணிகள் முறை வைத்து எடுக்கும் நாள். முதல் சுற்றில் எங்களுக்கு ஓர் ஆள். அது இந்த வீட்டு மகன் டினோஜனாக இருக்கலாம். அல்பேர்ட்டாவில் இருக்கும் இன்னொருவனாகவும் இருக்கலாம்.

வீடியோவில் டினோஜனிடம் குறை இல்லை. பந்தோடு ஓடி வருகிறவனைப் பிடித்து விழுத்த வேண்டும். விழுத்தினான். ஆனால் பயிற்சியில் உழைக்கமாட்டான் என்று பழைய பயிற்சியாளர் ஒருவர் சொல்லியிருந்தார். அது உண்மையா என்று அறியத்தான் ரொக்ஸ்பரோவில் இருக்கும் இந்த வீட்டுக்கு வந்திருந்தோம்.

றெஜானுக்கு ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு, தாய் தகப்பனிடம் அவர்களுடைய மொழியிலேயே கேட்பார். சொந்த மொழியில் பொய் சொல்வது கஷ்டம் என்பது அவருடைய எண்ணம். அணியில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

வரும்போதே சொல்லிவிட்டார். சொல்லுக்குச் சொல். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

தாய் சிவமலர் தேத்தண்ணியும் ரோல்ஸும் கொண்டுவந்து வைத்தார்.

“ஆளைப் பாக்கத்தான் பெரிசு. உள்ளுக்க ஒண்டுமில்லை. ஒழுங்காச் சாப்பிட்டால்தானே.”

சொன்னேன்.

“முட்டை மாதிரி ஒண்டைக் கையில தூக்கிக்கொண்டு ஓடுறதுக்குப் பேர் புட்போலாம்,” என்றார் அரியரத்தினம். “அதுவும் இவருக்கு ஓட ஏலாது.”

அதையும் சொன்னேன். றெஜான் சிரிக்கவில்லை.

சன்னலுக்கு வெளியே டினோஜன் பக்கத்து வீட்டு வாசலில் இன்னும் உருகாமல் இறுகிக் கிடந்த பனியை உடைத்துக்கொண்டிருந்தான். தகப்பனின் கண் அங்கேயே இருந்தது. நாங்கள் பார்க்கிறோம் என்று தெரிந்ததும் திரைச்சீலையை இழுத்து விட்டார்.

றெஜான் எழும்பினார். நன்றி சொல்லிக் கை கொடுத்தார். ஒரு வீட்டில் அவருக்கு வேலை முடிந்துவிட்டால் எனக்குத் தெரியும்.

வாசலில் சப்பாத்துப் போடும்போது சிவமலர் என்னிடம் கேட்டார்.

“தம்பி கலியாணம் கட்டிட்டீரோ?”

“ஓம் அன்ரி.”

“மனுசி பேர் என்ன? பிள்ளை கெட்டிக்காரியோ?”

“கௌசலா. அதெங்க அன்ரி, ஒரு கறி வைக்கத் தெரியாது. வாய் மட்டும் காது வரைக்கும். வீட்டில ஒரு துரும்பை எடுத்து அங்கால போடமாட்டா.”

வாய் தானாகச் சொன்னது.

சிவமலர் சிரித்தார். “அப்ப நீர் குடுத்துவச்சனீர்.”

உள்ளே போய், நாலு ரோல்ஸைத் தாளில் சுற்றிக்கொண்டு வந்தார். “இது அவவுக்கு. நீர் வழியில திண்டு முடிச்சிடாதையும்.”

காரில் றெஜான் சொன்னார். “தகப்பனே சொல்கிறார். அல்பேர்ட்டாக்காரனை எடுப்போம்.”

“அவர் அப்படிச் சொல்லவில்லை.”

“நீதானே சொன்னாய்.”

“சொல்லுக்குச் சொல் கேட்டீர்கள். சொன்னேன்.”

விளக்க வேண்டியிருந்தது. பிறர் முன்னால் பிள்ளையைப் புகழ்ந்தால் நாவூறு படும் என்று எங்கள் ஆட்களுக்குப் பயம். பறிபோய்விடும் என்று எதை நினைக்கிறார்களோ, அதைத்தான் இறக்கிச் சொல்வார்கள். நல்லவன் என்று அவர் சொல்லியிருந்தால்தான் நான் யோசித்திருப்பேன்.

“உன் ஆட்களுக்காகக் கதைக்கிறாய்,” என்றார் றெஜான்.

“இருக்கலாம்.”

அவர் சாவியைப் போட்டார். என் மடியில் இருந்த பார்சலைப் பார்த்தார்.

“வாசலில் அந்த அம்மா உன்னிடம் என்ன கேட்டார்?”

“என் மனைவியைப் பற்றி.”

அவர் கை சாவியிலேயே நின்றது.

“நீ என்ன சொன்னாய்?”

சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. கறி வைக்கத் தெரியாது. வாய் மட்டும் காது வரைக்கும். வீட்டில் ஒரு துரும்பை எடுத்து அங்கால் போடமாட்டாள்.

“கௌசலாவுக்கா சமைக்கத் தெரியாது?”

அவளுடைய நண்டுக்கறிக்காகவே பாலம் கடந்து புரோசார்ட்டில் எங்கள் வீட்டுக்கு வந்து போனவர் அவர். இரண்டு கையாலும் சாப்பிட்டு, சட்டை முழுக்கக் குழம்போடு திரும்பிப் போனவர்.

“அந்த அம்மா அதற்கு என்ன சொன்னார்?”

“நான் கொடுத்துவைத்தவனாம்.”

றெஜான் என்னைப் பார்த்தார். நான் முன்கண்ணாடியைப் பார்த்தேன். டினோஜன் அடுத்த வீட்டு வாசலுக்குப் போயிருந்தான்.

பிறகு றெஜான் போனை எடுத்தார்.

“ரொக்ஸ்பரோ பையன்தான். முதல் சுற்று,” என்றார். ஏன் என்று மறுபக்கத்தில் கேட்டது எனக்கும் கேட்டது. அவர் போனை வைத்துவிட்டார்.

அதற்கு முந்தின ஜனவரியில், கௌசலாவின் சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னர், அவளுடைய காலடியில் கடைசியாகப் பூ வைத்தவர் றெஜான்.