முள்மரத்தடி வெள்ளைக்கல்

புல்டோசர் சத்தம் கேட்டதும் டெலியா உருளைக்கிழங்கை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஈரக்கையோடு ஓடினாள்.

மண்கோட்டையின் கிழக்குக் கரை அதற்குள் தரைமட்டமாகியிருந்தது.

ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக அவர்களுடைய மேய்ச்சல் நிலத்தின் நடுவே கிடந்த வட்டக்கரை, பழங்காலத்தார் குடியிருப்பைச் சுற்றி எழுப்பியது. அயர்லாந்து முழுக்க இப்படி எத்தனையோ கிடக்கிறதே, ஒன்று போனால் என்ன என்பது அவள் புருஷன் கோல்மனின் கட்சி.

அவன் அதை இடிக்கப் பார்க்கிறான் என்று தொல்லியல் துறைக்கு அவள்தான் போன் செய்தாள். சட்டம் இருக்கிறது, திங்கட்கிழமை ஆள் வரும் என்றார்கள். பெரிய சட்டம்! விஷயம் காதில் விழுந்ததும் கோல்மன் சனிக்கிழமையே வண்டியை இறக்கிவிட்டான்.

மாமனார் சாகும்வரை கோட்டைக்குள் ஒரு மாட்டைக்கூட விட்டதில்லை. கோட்டையில் குடியிருக்கும் பேய்க்குப் பயந்த மனுஷன் என்று ஊரே கேலி பேசியது.

டெலியாவுக்குக் கோட்டை வேண்டாம். நடுவில் முள்மரத்தடியில் இருக்கும் வெள்ளைக்கல் போதும்.

அவள் தலைச்சன் பிள்ளை ஞானஸ்நானத்துக்கு முன்பே கண்மூடிவிட்டான். அப்படிப்பட்ட பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. பொழுது சாய்ந்ததும் ஆண்கள் எடுத்துப்போய் இப்படி ஒரு கோட்டைக்குள்ளோ, சர்ச் மதிலுக்கு வெளியிலோ புதைத்துவிடுவார்கள். பெற்றவள் கூடப் போகக்கூடாது, எங்கே என்று கேட்கவும் கூடாது.

அன்று கோல்மன் சேற்றுக் காலோடு திரும்பி வந்தான். அவள் கேட்கவில்லை. அந்தக் கல்தான் என்று தானாக முடிவுகட்டி, வசந்தம்தோறும் யாருக்கும் தெரியாமல் பூ வைத்தாள்.

இப்போது வண்டிக்குக் குறுக்கே போய் நின்றாள்.

"தள்ளிப் போடி! எங்கப்பன் மாதிரி உனக்கும் பேய்ப் பயமா?" கோல்மன் சிரித்தான்.

சிரிக்கிறானே! பெற்ற பிள்ளைமேல் எவனாவது வண்டி ஏற்றுவானா? அப்படியென்றால் பிள்ளை இங்கே இல்லை. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அப்போ நம்ம பையனை எங்கதான் வெச்சே, கோல்மன்?"

அவன் இன்ஜினை அணைத்தான்.

"நானா? அப்பாதான் பெட்டியை வாங்கிட்டுப் போனாரு. நான் மாட்டுக்கொட்டகையிலயே நின்னுட்டேன். எங்கேன்னு கேக்கல. சர்ச் மதிலோரம்னு நானா நெனச்சுக்கிட்டேன்."

சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று நிறுத்தினான்.

"ஒரு மாட்டைக்கூட விடலையேடி அந்த மனுஷன்..."

திரும்பிப் பார்த்தான். தள்ளிய மண் எல்லாப் பக்கமும் கலந்து குவிந்து கிடந்தது.

இறங்கப் போனவன், காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் வண்டிப் படியிலேயே நின்றான்.