கடுகுத் தலையணைக்கு ஓர் இடம்

பிறந்து ஒன்பது நாளான மகளுக்காக மேகலா தன் கட்டிலை ஒட்டி மரத்தொட்டில் போட்டாள். அதில் கெட்டியான மெத்தையும் இறுக்கி விரித்த துணியும் மட்டும் இருக்கட்டும் என்று, கடுகு நிரப்பிய குட்டித் தலையணையை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டாள்.

"பாப்பாவுக்குன்னுதானே என்னைத் தைச்சாங்க? ஒரு ஓரமா இருந்துட்டுப் போறேனே," என்றது தலையணை.

"உன்மேல குறை சொல்லல," என்றது தொட்டில். "நீ முகத்துல சரிஞ்சா, தள்ளிவிட அவளுக்குத் தெரியாதே."

தலையணைக்குள் கடுகு சலசலத்து அடங்கியது.

குழந்தை மல்லாந்து தூங்கியது. அதன் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்த மேகலா அப்படியே கண்ணயர்ந்தாள். அவள் தலை தலையணைமேல் சாய்ந்தது.

"என்னை இவங்களுக்குத் தைக்கலையே," என்றது தலையணை.

"அசையாம இரு," என்றது தொட்டில். "அவங்க தூங்கி ஒன்பது நாளாச்சு."