பாத்திக்குப் பலகை

குனியாமல் செடி வளர்க்க, பலகை அடித்து உயரப் பாத்தி வேண்டும் என்றார் அப்பா. மகன் அவரை மரக்கடைக்கு அழைத்துப் போனான்.

“தேக்குன்னா காலத்துக்கும் நிக்கும். இந்தப் பைன் பலகை மூணு வருஷத்துல மக்கிடும்,” என்றார் கடைக்காரர்.

மகன் குரலைத் தாழ்த்தினான். “அது போதும்ண்ணே. அப்பாவுக்கும் வயசாச்சு. அப்புறம் வீட்டை இடிச்சுட்டு நான் மாடி கட்டிடுவேன்.”

அப்பாவின் காதில் விழுந்துவிட்டது. “ஆறு மாசம் தாங்கினாலே போதும்ப்பா,” என்றார்.

மகனுக்குச் சுருக்கென்றது. “அப்படியெல்லாம் பேசாதீங்கப்பா. நீங்க நூறு வயசு இருப்பீங்க.”

“இருப்பேன்டா, வேற வீட்டுல. வாசல் பச்சைப்பசேல்னு இருந்தா நம்ம வீடு நல்ல விலைக்குப் போகும்னு தரகர் சொல்லியிருக்கார்,” என்றபடி, இருப்பதிலேயே மட்டமான பலகையைத் தட்டிப் பார்த்தார் அப்பா.