திண்டிவனத்தில் ஒரு ஜப்பான் வீடு

"உக்கார ஒரு பலகை கூடவா இல்ல?"

விக்கிரவாண்டியிலிருந்து பஸ்ஸேறி வந்த பாண்டுரங்கன், மகள் வீட்டு வாசற்படியைத் தாண்டியதும் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

கூடம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. மகள் கிருஷ்ணவேணிக்கு அவர் சீராகக் கொடுத்த நாலு தேக்கு நாற்காலி, பெஞ்சு, கட்டில், ஊஞ்சல், எதையும் காணோம். ஊஞ்சல் கொக்கிகள் மட்டும் உத்திரத்தில் தொங்கின. மூலையில் ஒரு மண்ஜாடி. அதில் ஒரே ஒரு வேப்பங்குச்சி.

"இது இன்னா?"

"அழகுக்கு மாமா" என்றார் மாப்பிள்ளை தேவநாதன். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். "ஜப்பான்ல வீட்டை இப்படித்தான் வெச்சிக்கிறாங்க. பத்திரிகையில படம் போட்டிருந்தான். சாமானே இருக்காது. எவ்வளவு பெரிய ஆளு வந்தாலும் தரைதான்."

"சாமானை வித்துட்டு மாப்ளே சீட்டாடறாருன்னு எங்க ஊரு வரைக்கும் பேச்சு வந்துடுச்சு."

"சேச்சே. நாற்காலி, பெஞ்செல்லாம் பள்ளிக்கூடத்துக்குக் குடுத்துட்டேன். கட்டிலும் ஊஞ்சலும் அனந்தபுரத்துல எங்க அக்கா வீட்டுல இருக்குது. வீடு காலியா இருந்தா கண்ணுல எதுவும் இடிக்காது மாமா."

"எனக்கு முட்டியில இடிக்குதே."

பாண்டுரங்கன் சமையலறைக்குப் போனார். அரிசி அளக்கும் மரக்காலைக் கொண்டுவந்து கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்து பார்த்தார். மரக்கால் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் போனார்கள். தேவநாதன் பணிவாக மரக்காலை எடுத்துக்கொண்டார்.

"சமையல் சாமான் கூடத்துக்கு வரக் கூடாது மாமா. அதான் முறை."

வேறு வழியில்லை. சுவரைப் பிடித்து, முட்டியைப் பிடித்து, கடைசியில் மகளைப் பிடித்து, மூன்று தவணையாகப் பாயில் இறங்கினார்.

"நீ ஒரு வார்த்தை கேக்கலியா?" என்றார் மகளிடம்.

"கேட்டேம்பா. படத்தைக் காட்டினாரு."

அந்த நேரத்தில் வாசலில் குரல் கேட்டது. "சார், வரலாமா?"

பரீட்சைப் பேப்பர் கட்டோடு நின்றவர் விருத்தாசலம். அதே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஊருக்கு வெளியே இருக்கும் காலனியிலிருந்து படித்து வந்த முதல் ஆள். பாண்டுரங்கனும் அவரை அறிவார்.

"வாங்க, வாங்க" என்று தேவநாதன் பாயைக் காட்டினார்.

விருத்தாசலம் பாண்டுரங்கனுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கட்டை அவிழ்த்தார்.

பாண்டுரங்கன் தொண்டையைக் கனைத்தார். பலமாக.

விருத்தாசலம் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு குனிந்து தரையைப் பார்த்தார். இதற்குக் கீழே போக இடமில்லை.

"தண்ணி வேணுங்களா?" என்றார்.

சரி, நாமாவது எழுந்துவிடலாம் என்று பாண்டுரங்கன் எம்பினார். முட்டி சம்மதிக்கவில்லை. பிடித்து எழ எதுவும் இருக்கிறதா என்று சுற்றிலும் பார்த்தார். வேப்பங்குச்சிதான் இருந்தது.

"அந்த நாற்காலியில எல்லாம்..." அவர் குரல் இறங்கிவிட்டது. "இப்ப யாரு உக்கார்றது?"

"நாங்கதாங்க" என்றார் விருத்தாசலம். "வாத்தியாருங்க ரூம்ல போட்டிருக்குது. நல்ல தேக்கு. எனக்கு ஜன்னலோரம் இருக்கறது."

பாண்டுரங்கன் மாப்பிள்ளையை நெடுநேரம் பார்த்தார்.

"மாப்ளே, இது ஜப்பான் இல்ல."

தேவநாதன் பேனாவில் சிவப்பு மையை நிரப்பிக்கொண்டிருந்தார். காப்பி கொண்டுவந்த கிருஷ்ணவேணிதான் பேசினாள்.

"பொங்கலுக்கு நீங்க வந்திருந்தப்போ இந்தக் கணக்கு வாத்தியாரு நாற்காலியில உக்காந்தாரு. இப்படித்தான் கனைச்சீங்கப்பா. எழுந்துட்டாரு. அதுக்கப்புறம் எத்தினி வாட்டி வந்தாரு, நின்னுக்கினேதான் பேப்பர் திருத்தினாரு. போன மாசம் சாமானெல்லாம் வெளிய போச்சு. ஏன்னு எனக்கே இப்பத்தான் புரியுது."

மூன்று டம்ளரையும் பாயின் நடுவில் வைத்தாள். மூன்றும் ஒரே மாதிரி டம்ளர்.

பாண்டுரங்கன் காப்பியைப் பார்த்தார். ஆறிவிடும்போல் இருந்தது. குடித்தார்.

நாலு மணி பஸ்ஸுக்கு அவரை எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஒரு கையைத் தேவநாதன் பிடித்தார். இன்னொரு கையைப் பிடித்தது யார் என்று பார்க்காமல், எழுந்து முடிக்கும் வரை பாண்டுரங்கன் உத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் போன பிறகு விருத்தாசலமும் கிளம்பினார். தேவநாதன் வாசல்வரை வந்தார். யாராவது மாலை போட்டால் கழுத்தை நீட்டிவிடும் நிலையில் இருந்தார்.

"எப்படி விருத்தாசலம்? சண்டை இல்ல, சச்சரவு இல்ல. மாமா மனசு நோக ஒரு வார்த்தை நான் பேசல. காரியம் முடிஞ்சுது பாத்தீங்களா?"

"முடிஞ்சுது சார்" என்று விருத்தாசலம் செருப்பை மாட்டிக்கொண்டார். நல்ல மனிதர், கோபமாகச் சொல்லவில்லை.

"பொங்கலன்னைக்கு நான் எழுந்தப்போ, 'நீங்க உக்காருங்க'ன்னு சொல்லியிருந்தீங்கன்னா, இத்தினி சாமானைத் தூக்கற வேலை மிச்சமாயிருக்கும் சார்."