நாலாம் வேகம்

காக்கா என்று நான் கூப்பிடும் என் அண்ணன் இறந்து, நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த கிழமை அவருடைய வேன் என் பேருக்கு மாறியது. அதே கிழமை ஏசி காற்றாடி நாலாம் வேகத்தில் மட்டும் இரைந்தது. ஒன்று, இரண்டு, மூன்றில் அசையவே இல்லை.

சாய்ந்தமருது மெக்கானிக் மசூர் உள்ளிருந்து ஒரு துண்டைக் கழற்றினார். அதன் கம்பிச் சுருள் அறுந்திருந்தது.

“குறைஞ்ச வேகமெல்லாம் இதுக்குள்ளாலதான் வரும், தம்பி. புதுசு வாற வரைக்கும் நாலு மட்டும்தான்.”

“நல்லம். காக்கா ஒண்டுக்கு மேல வைக்க உட்டதேயில்ல.”

“உன்ன நம்பி சைக்கிளும் தரமாட்டன் எண்டவன்தானே,” மசூர் சிரித்தார்.

துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பொத்துவிலுக்கு ஆள் ஏற்றி ஹயர் போனேன். திருக்கோவில் தாண்டியதும் இரைச்சல் அடங்கி, காற்று மெல்ல வந்தது. நாலில் வைத்த குமிழ் ஒன்றில் நின்றது. சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். துண்டு இருந்தது.

நாலுக்குத் திருப்பினேன். கோமாரியில் மறுபடி ஒன்று.

“வித்துப்போடு,” என்றார் மசூர், நான் திரும்பி வந்து சொன்னதும். “அவன் இன்னும் இறங்கல்ல.”

“இரிக்கட்டும். ஓட்டுறது நான்.”

புதுத் துண்டு வந்தது. பூட்ட வேண்டாம் என்றேன். பூட்டினால் எது காற்றாடி, எது காக்கா என்று தெரியாது.

இன்று காலையும் கோமாரியில் குமிழ் ஒன்றுக்கு வந்தது. நாலுக்குத் திருப்பி, இடக்கையை அதன் மேலேயே வைத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் என் விரல்களின் மேல் குளிர்ந்த கனம் ஒன்று ஏறி, ஒன்றின் பக்கம் இழுத்தது.

“வேன் இப்ப என்ட பேருல, காக்கா.”

பொத்துவில் வரைக்கும் நான் கையை எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை.